மொட்டையடித்த மரம் விழாது என்பவர்களுக்கு

புரட்டாசி பிறந்துவிட்டால் சென்னைப் புறநகர்த் தெருக்களில் ஓர் அவசரம் தொற்றிக்கொள்ளும். "மழைக்கு முன்னாடி மரத்தைக் கழிச்சுடணும் சார்" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்து வைப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தெருவில் உள்ள வேம்பும் தூங்குமூஞ்சியும் இயல்வாகையும் தலையிழந்து நிற்கும். பத்துப் பன்னிரண்டு அடிக்கு அடிமரம், அதன் மேல் வெட்டுப்பட்ட மூன்று நான்கு தடித்த கைகள், ஓர் இலை கிடையாது. வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கப் போவார். இனிப் புயலே வந்தாலும் விழுவதற்கு என்ன இருக்கிறது?

விழுவதற்கு நிறைய இருக்கிறது. இந்த வருஷம் இல்லை. நாலைந்து வருஷம் கழித்து. மொட்டையடிப்பதுதான் அதற்கு அச்சாரம். ஆனால் இதைச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. மெத்தப் படித்தவர், குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஊரில் தோப்பு வைத்திருப்பவர் என்று எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "மரம்னா வெட்ட வெட்டத்தான் தழைக்கும்."

தழைக்கும்தான். ஏன் தழைக்கிறது என்று கேட்டால் விஷயம் வேறு மாதிரி இருக்கும். மரம் தனக்கு வேண்டிய உணவை இலையில் தயாரிக்கிறது. மிஞ்சியதை மாவுச்சத்தாகக் கட்டையிலும் வேரிலும் சேர்த்து வைக்கிறது. ஒரே நாளில் இலை முழுவதையும் பறித்துவிட்டால் அந்தச் சேமிப்பைக் கரைத்துத்தான் அது உயிர் தப்பியாக வேண்டும். பட்டைக்குக் கீழே உறங்கிக் கிடந்த மொட்டுகள் கொத்துக் கொத்தாகக் கிளம்புவது அந்தக் கலவரத்தில். ஆறே மாதத்தில் பச்சைப்பசேல் என்று நிற்பதைப் பார்த்து நாம் பூரிக்கிறோம். அதே சமயம் கீழே, சேமிப்பு தீர்ந்துபோன வேர்களில் சில செத்துக்கொண்டிருக்கும். அதை யார் தோண்டிப் பார்க்கிறார்கள்?

மேலே உள்ளதையாவது பார்க்கலாம். மொட்டையடித்து இரண்டு மூன்று வருஷமான மரத்தில் ஏணி சாத்தி ஏறி, வெட்டுவாயைக் கிட்டத்தில் பாருங்கள். நடுக்கட்டை கறுத்து, விரலால் அழுத்தினால் அமுங்கும். கறுத்த எறும்பு வரிசையாகப் போகும். ஓரத்துப் பட்டையில் மட்டும் உயிர் இருக்கும். அந்த ஓரத்திலிருந்து பத்துப் பதினைந்து போத்துகள், கைவிரல் பருமனில் ஒன்று, மணிக்கட்டுப் பருமனில் ஒன்று என்று நெருக்கியடித்து மேலே போகும். அதில் ஒன்றைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் பட்டையோடு உரிந்து கையில் வந்துவிடும். இயல்பாக வளர்ந்த கிளை அப்படி வராது. அது தண்டின் நடுவிலிருந்து கிளம்பியது. வருஷா வருஷம் தண்டும் கிளையும் ஒன்றையொன்று போர்த்திப் போர்த்தி வளர்ந்த பிடிப்பு அதற்கு உண்டு. போத்துக்கு மேல்தோலில் ஒட்டிய பிடிப்பு மட்டும்தான். இன்னும் சில வருஷங்களில் அந்தப் போத்துகள் தொடைப் பருமனாகி, பழைய உயரத்தையும் எட்டி, உளுத்துப்போன கட்டையின் விளிம்பில் நிற்கும். ஒரு கார்த்திகை மாதக் காற்றில் வாசலில் நிறுத்திய கார் மேல் விழுவது அதுதான். உடனே வீட்டுக்காரர் சொல்வார்: "போன தடவை இன்னும் கீழே வெட்டியிருக்கணும்."

இதெல்லாம் யாரோ மரப் பித்தர்கள் கிளப்பிவிட்ட கதை இல்லை. அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ, வாழ்நாளில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நெடுக்கில் பிளந்து உள்ளே பார்த்தவர். 1970களில் அவர் எழுதி வைத்ததன் சாரம் இது: மரத்துக்குக் காயம் ஆறுவதே இல்லை, காயத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அதை உள்ளேயே ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்கு வெளியே புதுக் கட்டை வளர்த்துக்கொண்டு போகும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் லேசாகத் தடித்த ஒரு வளையம் இருக்கிறது. அந்தத் தடிப்பைக் காயப்படுத்தாமல், அதற்குச் சற்று வெளியே வெட்டினால் மரம் தானே மூடிக்கொள்ளும். தண்டோடு ஒட்ட வழித்தாலும் கெடுதி, அரையடி முளை விட்டாலும் கெடுதி. நடுக்கட்டையில் குறுக்கே வெட்டினால் அங்கே தடிப்பு வளையமே கிடையாது, தடுப்பும் சரியாக எழும்பாது, அழுகல் நேரே கீழே இறங்கும். வெட்டுவாயில் தார் பூசுவது, பெயின்ட் அடிப்பது எதுவும் அழுகலைத் தடுப்பதில்லை என்பதையும் அவர் பிளந்த கட்டைகளே காட்டின. ஆனாலும் நம் ஊரில் மொட்டையடித்த கையோடு காவியும் சுண்ணாம்பும் பூசிவிடுகிறார்கள்.

வெட்ட வெட்டத்தான் தழைக்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது புரியாத புதிர் அல்ல. அடித்து வளர்க்காத பிள்ளையும் ஒடித்து வளர்க்காத முருங்கையும் உருப்படாது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். (பிள்ளை விஷயத்தில் அந்தப் பழமொழியைக் கைவிட்டுவிட்டோம், மர விஷயத்தில் விடவில்லை.) முருங்கைக்கு அது பொருந்தும். அது சீக்கிரம் வளரும், சீக்கிரம் ஒடியும், நமக்கு வேண்டியது கீரையும் கைக்கெட்டும் காயும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் கல்யாண முருங்கையைக் கழிப்பதும், ஆட்டுக்குத் தழை ஒடிப்பதும் அப்படித்தான். அங்கே ஒரு தேவை இருக்கிறது, வெட்டுப்படுவதும் இளங்கிளை. ஐரோப்பிய நகரங்களில் தெருமரங்களின் தலையை வருஷா வருஷம் கழிக்கிறார்களே என்பவர்களும் உண்டு. அதைக் கன்றாக இருக்கும்போதே தொடங்கி, அதே கணுவில், விரல் பருமனைத் தாண்டவிடாமல் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். நாற்பது வயது வேம்பின் இடுப்பில் ஒருநாள் திடீரென்று ரம்பத்தை வைப்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதைவிட முக்கியமாக ஒரு கணக்கு இருக்கிறது. கழிக்க வருபவரிடம் நாம் எப்படிப் பேரம் பேசுகிறோம்? "கட்டையை நீங்களே எடுத்துக்குங்க, கூலியில குறைச்சுக்குங்க." பேரம் படிந்த அந்த நொடியில் எந்தக் கிளையை வெட்டுவது என்பதும் முடிவாகிவிட்டது. விலை போவது பருத்த, நேரான, பச்சைக் கிளை. அதுதான் மரத்தைத் தாங்கி நிற்பது. அகற்ற வேண்டிய பட்டுப்போன கிளை, ஒன்றோடொன்று உரசும் குச்சி இவற்றுக்கு விறகுக் கடையில் மதிப்பில்லை; அவை அப்படியே நிற்கும். இடுப்பில் தாம்புக்கயிறும் கையில் அரிவாளுமாக வெறுங்காலில் ஏறுகிற அந்த மனிதரை நான் குறை சொல்லவில்லை. கீழே விழுந்தால் அவருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. ஏறுகிற திறமை அவரிடம் நம்மில் எவரையும்விட அதிகம். மரத்தைப் படிக்கிற வேலையை நாம் அவரிடம் கேட்கவும் இல்லை, அதற்குக் காசு கொடுக்கவும் இல்லை.

மரம் ஏன் விழுகிறது என்ற கேள்விக்கே நம்மிடம் தவறான பதில்தான் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுநாள் காலை தெருவில் நடந்தவர்களுக்கு நினைவிருக்கும்: எத்தனையோ மரங்கள் வேர்த்தட்டோடு பெயர்ந்து, நடைபாதைக் கல்லையும் தூக்கிக்கொண்டு கிடந்தன. ஆணிவேர் பாதாளம் வரை போகிறது என்று நாம் நினைக்கிறோம். வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு அடிக்குள்தான் இருக்கிறது. பக்கவாட்டில் கிளைப்பரப்பையும் தாண்டி ஓடுகிறது. மழைநீர் வடிகாலுக்கு ஒரு பக்கம், கேபிளுக்கு மறுபக்கம் பள்ளம் வெட்டி அந்த வேர்களைத் துண்டித்து, அடிமரத்தை நெரிக்கும்படி சிமென்ட் பூசி, மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் வழித்தெடுத்து, எடையை எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்டுப் பழியை மரத்தின் உயரத்தின் மேல் போடுகிறோம். டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டியிருந்தது. நம் வீட்டு வாசலில் அதைச் செய்யத் தீர்ப்பாயம் வேண்டாம், ஒரு கடப்பாரை போதும்.

தலையைக் குறைத்தால் காற்றின் பிடி குறையும் என்பது பொய்யில்லை. ஆனால் அதைக் கிளைநுனிகளில், பக்கக்கிளை பிரியும் கணு பார்த்து, ஒரு வருஷத்தில் இலையில் கால்பங்குக்கு மேல் போகாமல் செய்ய வேண்டும். சிங்கப்பூரில் சாலையோரம் விரிந்து நிற்பதும் நம் தூங்குமூஞ்சிதான். அங்கே குறிப்பிட்ட பாதுகாப்புப் பகுதிகளில் ஒரு மீட்டர் சுற்றளவுக்கு மேற்பட்ட மரத்தைச் சொந்த மனையில்கூட அனுமதியின்றி வெட்ட முடியாது. மர வல்லுநர் பார்த்துவிட்டால் விபத்தே நடக்காது என்று நான் சொல்லவில்லை. அதே சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், முறையாகச் சோதிக்கப்பட்டு வந்த ஒரு முதுமரம் 2017 பிப்ரவரியில் சாய்ந்து ஒரு பெண் இறந்தார். ஆனால் அதற்காக அங்கே யாரும் எல்லா மரத்துக்கும் மொட்டை போடவில்லை.

ஆர்பரிஸ்ட் என்று அழைக்கப்படும் அந்த வல்லுநர் நம் ஊரில் அரிது. ஆனால் இல்லாமல் இல்லை. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் படித்தவர்கள், ஓய்வுபெற்ற தோட்டக்கலை அதிகாரிகள், சர்வதேசச் சான்றிதழ் வாங்கிய சிலர் என்று தேடினால் கிடைப்பார்கள். ஆளை அடையாளம் காண்பது எளிது. வந்தவுடன் அண்ணாந்து பார்த்து "எவ்வளவு உயரம் குறைக்கணும்?" என்று கேட்பவரை டீ கொடுத்து அனுப்பிவிடலாம். தெரிந்தவர் முதலில் குனிவார். அடிமரத்தைச் சுற்றி வந்து காளான் முளைத்திருக்கிறதா, மண் பிளந்திருக்கிறதா என்று பார்ப்பார். மரச்சுத்தியலால் தட்டி, எங்கே கூடு விழுந்த ஒலி வருகிறது என்று கேட்பார். கடைசியாக எப்போது இந்தப் பக்கம் பள்ளம் தோண்டினார்கள் என்று விசாரிப்பார். பெருங்கிளையை எடுக்க வேண்டியிருந்தால் கீழ்ப்புறம் ஒரு வெட்டு, மேற்புறம் சற்றுத் தள்ளி ஒன்று, எடை போன பிறகு தடிப்பு வளையத்தை ஒட்டி மூன்றாவது என்று பட்டை கிழியாமல் இறக்குவார். உயிருள்ள மரத்தில் ஆணிக்காலணி போட்டு ஏற மாட்டார். சில நேரம் ஒன்றுமே வெட்டாமல் கூலி வாங்கிக்கொண்டு போவார். நமக்கு வயிறெரிவது அங்கேதான். வெட்டாததற்கா காசு?

ஆம், அதற்குத்தான். சில மரங்களைப் பார்த்து எடுத்தே தீர வேண்டும் என்றும் அவரே சொல்வார். அடியில் பாதிக்கு மேல் உளுத்தது, வேர் அறுந்து வீட்டுப் பக்கம் சாய்ந்தது. அப்போது தயங்கக் கூடாது. தெருவோரப் பொது மரமானால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வாங்கி, சொந்த மரமானால் உள்ளாட்சியில் கேட்டுக்கொண்டு, கயிற்றில் கட்டித் துண்டு துண்டாக இறக்கச் சொல்லுங்கள். இதையும் புரட்டாசியில் செய்யாதீர்கள். அப்போது எல்லோருக்கும் அவசரம், கூலியும் இரட்டிப்பு. தை மாதம் கூப்பிடுங்கள். மழை ஓய்ந்த ஈரத்தில் காளான் முளைத்த இடம் தெரியும், காற்றில் ஆடிய மரத்தடியில் மண் விரிந்தது தெரியும், வருபவருக்கும் உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்கும்.