மலையிலேயே வேலை வேண்டும்

அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம், படித்துத் தேர்வெழுதும் நிலையை எட்டியவர்களுக்குப் பெருந்துணை. பள்ளிப்படிப்பைத் தொடர இயலாத மலைக்கிராமத்துப் பெண்ணுக்கு அந்த ஒதுக்கீடு எட்டாக்கனி. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் தரும் வேலைகளே மிகுதி. அவை கடும் உடலுழைப்பைக் கேட்பவை. மேற்கே கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் பலர் கூலி தேடி வெளியூர் செல்லும்போது, நடக்கவோ பார்க்கவோ இயலாதவர்கள் வீட்டோடு தங்கிவிடுகின்றனர். மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை அவர்களது பசியைத் தணிக்கலாம். உழைத்து ஈட்டும் உரிமைக்கு அது ஈடாகாது.

இத்தகையோருக்கென்றே அமைந்தது போன்ற 37ஆம் பிரிவு, அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாமல் கிடக்கிறது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு இருப்பதாக மருத்துவச் சான்று பெற்றவர்களுக்கு, வறுமை ஒழிப்புத் திட்டங்கள், வளர்ச்சித் திட்டங்கள் அனைத்திலும் பெண்களுக்கு முன்னுரிமை தந்து 5 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்றும், தொழில் தொடங்கச் சலுகை விலையில் வழங்கும் நிலத்திலும் அதே அளவு தர வேண்டும் என்றும் அது விதிக்கிறது. மலையில் விளையும் சாமையும், காட்டில் கிடைக்கும் கடுக்காயும் புளியும் தேனும் பெரும்பாலும் அப்படியே சமவெளிச் சந்தைக்கு இறங்குகின்றன. சாமையைப் புடைத்துக் கல் பொறுக்குவதும், புளியைக் கொட்டையெடுப்பதும், தேனை வடித்து பாட்டிலில் அடைப்பதும், எடைபோட்டுக் கணக்கெழுதுவதும் உட்கார்ந்த இடத்திலேயே செய்யத்தக்க வேலைகள். எனவே கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ அரசுப் பணத்தில் பதப்படுத்தும் கூடம் அமைக்கும்போது, இந்த 5 விழுக்காடு அரசாணையிலேயே இடம்பெற வேண்டும். சாய்தளமும் உகந்த கழிப்பறையும் கட்டட வரைபடத்திலேயே இருக்க வேண்டும். 2021இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளை அது உருவாகும் ஊரோடு பிணைத்துக் காக்கும் சட்டப் பதிவு, பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் செவித்திறன் குறைந்த இளைஞர்கள் கண்ணால் கண்டு கையால் கற்கத்தக்க கலையே.

சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாதவருக்கு இவற்றில் எதுவும் கிட்டாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்துக் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, உயிர் தப்பியோரிலும் சிலரது பார்வையை, கண் நரம்பைத் தாக்கும் மெத்தனால் பாதித்தது. அன்றாடக் கூலியை நம்பிய குடும்பங்களில் சான்று தேவைப்படும் புதிய மாற்றுத்திறனாளிகள் உருவாயினர். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருந்தும், தவழ்ந்து செல்பவர் ஒருவர் பேருந்து பிடித்து மலையிறங்கித்தான் சான்று பெற முடியும் என்ற நிலை ஏற்கத்தக்கதன்று. மருத்துவக் குழு மலையேறிச் செல்வதே முறை.

ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025இல் தமிழகச் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வுறுப்பினர்கள் 37ஆம் பிரிவைக் கிராம சபையில் தீர்மானமாக முன்வைக்க வேண்டும். எந்தத் திட்டத்தில் எத்தனை பேருக்கு வேலை தரப்பட்டது என்ற பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் அதே சபையில் படித்துக் காட்ட வேண்டும்.