ஆரஞ்சுச் சட்டை மானுக்காக அல்ல

நவம்பர் மாதக் கடைசியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக் காடுகளில் ஆரஞ்சு நிறம் நடமாடத் தொடங்கிவிடும். துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் ஒளிரும் ஆரஞ்சு உடை அணிவது அங்கே 1980 முதல் கட்டாயம். இடுப்புக்கு மேல் போடும் மேலுடையில் பாதியாவது அந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்கிறது இன்றைய விதி. சாலை போடும் தொழிலாளர்கள் மாட்டிக்கொள்ளும் மேலங்கியின் அதே பளீர் நிறம். இந்தக் கோலத்தில் போனால் எந்த மான் நிற்கும் என்று முணுமுணுக்கும் வேட்டைக்காரர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அந்த முணுமுணுப்பில் நியாயமில்லை. 1990களின் தொடக்கத்தில் ஜெரால்டு ஜேக்கப்ஸ், ஜே நைட்ஸ் ஆகிய பார்வை ஆய்வாளர்கள் ஜார்ஜியா பல்கலைக்கழக மான் ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். மயக்க மருந்து கொடுத்த மான்களின் கண்ணில் வெவ்வேறு நிற ஒளியைப் பாய்ச்சி, விழித்திரையில் எழும் மின்துடிப்பை அளந்தார்கள். நிறத்தைப் பிரித்தறிய மனிதக் கண்ணில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு, மானுக்கு இரண்டுதான். ஒன்று நீலத்தை உணரும், மற்றது பச்சையை. சிவப்புக்கென்று தனியாக எதுவுமில்லை. ஆகவே சுமார் 600 நானோமீட்டர் அலைநீளத்தில் நமக்குத் தீயாய்த் தெரியும் ஆரஞ்சு, மானுக்கு மங்கலான மஞ்சளாகவோ பழுப்பாகவோதான் படும்.

மானுக்கு எடுப்பாகத் தெரியாத நிறம், மனிதனுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். சட்டத்தின் நோக்கமே அதுதான். புதருக்குப் பின்னால் அசைவது மானா மனிதனா என்று தெரியாமல் சுடுவதால் உயிர்கள் போயிருக்கின்றன. முன்பு சிவப்புச் சட்டைதான் வழக்கம். 1945இல் விஸ்கான்சின் அதைத்தான் கட்டாயமாக்கியது. ஆனால் விடியலிலும் அந்தியிலும் சிவப்பு கறுத்துப்போகும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு வேறு. ஒளிரும் சாயமோ, நம் கண்ணுக்கு எளிதில் படாத குறுகிய அலைநீள ஒளியையும் உறிஞ்சி ஆரஞ்சாக உமிழும். மங்கலிலும் தனித்து நிற்கும். 2016இல் விஸ்கான்சின் ஒளிரும் இளஞ்சிவப்பையும் அனுமதித்தது. பெண்களை வேட்டைக்கு இழுக்க இளஞ்சிவப்பா என்று பெண் வேட்டைக்காரர்களில் சிலரே முகம் சுளித்தார்கள். சுளித்ததில் தவறில்லை, நிறம் மட்டும் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

மானை உண்மையிலேயே உசுப்பக்கூடிய நிறம் நீலம். இங்கேதான் வேடிக்கை. ஒருகாலத்தில் நம் வீடுகளில் டினோபால் போட்டு வேட்டி வெளுப்பார்கள். அந்த வகை ரசாயனம் இன்று சலவைத்தூளிலேயே கலந்து வருகிறது. புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடுவதுதான் அதன் வேலை. வெள்ளை பளிச்சென்று இருப்பது அதனால்தான். நம் கண்ணின் வில்லை புற ஊதாவில் பெரும்பகுதியை வடிகட்டிவிடும், மானின் வில்லை அவ்வளவு தடுப்பதில்லை. அந்த நீல ஒளியோ, மான் கண்ணின் நீலச் செல் மிக நன்றாக உணரும் அலைநீளத்தை ஒட்டியே வருகிறது. காசைக் கொட்டி வாங்கிய இலை அச்சிட்ட சட்டையை வழக்கமான சலவைத்தூளில் அலசிவிட்டு அந்தியில் மரத்தடியில் உட்காருபவர், தன்னைக் காட்டிக்கொள்ள வழிசெய்துவிட்டுத்தான் உட்காருகிறார். உடையைவிட அசைவும் வாடையும்தான் பெரும்பாலும் மானை எச்சரிக்கின்றன என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நியூயார்க் மாநிலம் துப்பாக்கி வேட்டைக்காரர்களுக்கு ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பைக் கட்டாயமாக்கியது 2021இல்தான். சில மாநிலங்களில் இன்றும் கட்டாயமில்லை. சட்டம் போடாததற்குத் தனிமனித உரிமை என்று வேண்டுமானால் காரணம் சொல்லலாம். மானைக் காட்டித் தப்பிக்க முடியாது.

மானின் இந்தப் பார்வைக் குறையால் அதிகம் பிழைப்பது மனித வேட்டைக்காரன் அல்ல, புலி. இருநிறப் பார்வைக்குப் புலி எப்படித் தெரியும் என்பதைப் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கணினி வழியே கணித்தார்கள். நமக்கு எடுப்பாகத் தெரியும் அந்த ஆரஞ்சு ரோமம், மான் போன்ற இரைகளின் கண்ணுக்கு இலைப் பச்சையோடு கலந்துவிடுகிறது.

நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஆனாலும் முதுமலையில் வண்டியேறிப் புள்ளிமான் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தக் கண்ணின் கணக்கு உதவும். பளிச்சென்று வெளுத்த வெள்ளைச் சட்டையையும் நீல ஜீன்ஸையும் விடுதியிலேயே விட்டுவிடுங்கள், செண்ட் வேண்டாம், வண்டி நின்றதும் கையை நீட்டிக் காட்டாமல் உட்காருங்கள்.