பகையை விதைத்தவன் யார்?

1869, மே 10. அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப்பாதை நிறைவெய்திய நாள்! சியரா நெவாடா மலையைக் குடைந்து அதனை அமைத்தோரில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். வெள்ளையரினும் குறைந்த கூலி. மாண்டோரின் கணக்கையும் கம்பெனி எழுதி வைக்கவில்லை. அன்று அதன் கண்ணுக்கு அவர்கள் அந்நியராகத் தோன்றவில்லை. மலிவான முதுகு இனித்தது!

1873ஆம் ஆண்டு மந்தம் வந்தது. ஆலை அடைபட்டது, அடுப்பு அணைந்தது. "வேலை எங்கே?" என்று கேட்டான் வெள்ளைத் தொழிலாளி. அவன் விரல் நீண்டது, முதலாளியை நோக்கியா? அல்ல, பக்கத்திலே பசித்திருந்த சீனனை நோக்கி!

அரசு அறிவூட்டிற்றா? 1882ஆம் ஆண்டு, சீனத் தொழிலாளர் நுழையத் தடை, சீனருக்குக் குடியுரிமை இல்லை எனச் சட்டமே இயற்றிற்று!

வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்சிலே, 1875ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை முறிக்கச் சீனரைக் கொணர்ந்தது ரயில்வே கம்பெனி. பத்தாண்டு புகைந்த நெருப்பு 1885, செப்டம்பர் 2 அன்று வெடித்தது. 28 சீனராவது மாண்டனர், குடியிருப்பு சாம்பலாயிற்று. கொன்றவர் எவருக்கும் தண்டனை இல்லை. வென்றவன் வெள்ளைத் தொழிலாளியோ? அவனுமல்ல! பட்டாளத்தின் காவலிலே சீனரை மீண்டும் சுரங்கத்தில் இறக்கிற்று கம்பெனி. பிணம் தொழிலாளிக்கு, இலாபம் முதலாளிக்கு!

1943ஆம் ஆண்டு, ஜப்பானுக்கெதிரான போரிலே சீனா தோழனாயிற்று, தடை நீங்கிற்று. ஆண்டுக்கு 105 பேர் நுழையலாமாம்! சீனன் மாறினானா? இல்லை; ஆள்வோரின் தேவை மாறிற்று!

பிறவியிலேயே வருவதன்று இனவெறுப்பு. பண்ணையம் செய்து வளர்க்கப்படும் பயிர் அது. "அந்நியன் உன் சோற்றைப் பறிக்கிறான்" என்று எவரேனும் அலறினால், கேளுங்கள்: கூலியைக் குறைத்தவன் எவன்?