படித்ததில் பயன்: ஜோடிக்கு என்ன நிற்கிறது?

தொழில் நடத்துவது எப்படி, தலைமை வகிப்பது எப்படி என்று வருகிற புத்தகங்களைக் கண்டால், "இதெல்லாம் கம்பெனி வைத்திருக்கிறவர்களுக்கு" என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் சகோதரிகளே, எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கிறார்களே, அவர்களுக்குத்தான் இந்தப் புத்தகங்கள் முதலில் வேண்டும் என்பேன்.

வெட்டிய தோல் ஏஜெண்ட் மூலமாக வீட்டுக்கு வரும். சமையலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தைக்க உட்கார வேண்டும். கூலி ஜோடிக் கணக்கு. விரல் காய்த்துப் போகும், கழுத்து பிடித்துக்கொள்ளும். கேட்டால், "சும்மா இருக்கிற நேரத்துல நாலு காசு வருதே" என்பார்கள்.

வங்கதேசத்துப் பேராசிரியர் முகம்மது யூனுஸ் எழுதிய 'பேங்க்கர் டு தி புவர்' புத்தகத்திலும் இப்படி ஒரு பெண் வருகிறாள். ஜோப்ரா கிராமத்து சூஃபியா பேகம் மூங்கில் முக்காலி பின்னுகிறவள். மூங்கில் வாங்க வியாபாரியிடம் 5 டாக்கா கடன். முக்காலியை அவரிடமே விற்க வேண்டும். நாள் முழுக்க உழைத்தும் நிற்பது 50 பைசா. 1976-ல் அந்தக் கிராமத்தில் இப்படிச் சிக்கியிருந்த 42 பேரின் கடனையும் கூட்டினால் 27 டாலர்தான் வந்ததாம்!

அதற்காக உடனே குழுக் கடன் வாங்கி ஷூ வியாபாரம் தொடங்கிவிட முடியுமா? முக்காலியை ஒருத்தியே செய்து விற்கலாம். ஷூவுக்கு அடி ஒட்ட வேண்டும், மெஷின் வேண்டும், ஆர்டர் வேண்டும். கடன் மட்டும் வாரா வாரம் கதவைத் தட்டும்.

நமக்கு இன்னும் நெருக்கமானது இளா பட் அம்மையார் 2006-ல் வெளியிட்ட 'வி ஆர் புவர் பட் சோ மெனி'. 1972-ல் ஆமதாபாத்தில் 'சேவா' சங்கத்தைத் தொடங்கியவர் அவர். 1974-ல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுத் தங்களுக்கென்றே ஒரு வங்கி திறந்தார்கள். அங்கே மில் துண்டுத் துணியை வீட்டில் தைத்துக் கொடுத்த பெண்கள் கூலியை உயர்த்திக் கேட்டபோது, வியாபாரிகள் வேலை கொடுப்பதையே நிறுத்தினார்கள். பிறகு அந்தப் பெண்கள் 'சபீனா' என்ற கூட்டுறவை அமைத்துக்கொண்டார்கள். தனியாக ஒருத்தி கேட்டிருந்தால் அவள் அடுப்போடு கதை முடிந்திருக்கும்.

கூடிக் கேட்பதற்கும் கையில் கணக்கு வேண்டுமே! ஒரு பேச்சுக்கு, ஜோடிக்கு 10 ரூபாய், நாளைக்கு 10 ஜோடி என்று வையுங்கள். 100 ரூபாய். ஊசிக்கும், சரக்கு எடுக்கப் போய்வரவும் 10 ரூபாய் போனால் மிச்சம் 90. அதற்கு 6 மணி நேரம் ஆனால், மணிக்கு 15 ரூபாய். ஜோடிக் கணக்கில் தெரியாதது மணிக் கணக்கில் பளிச்சென்று தெரிகிறதல்லவா? வலிக்குத் தடவும் தைலத்தையும் செலவிலேயே எழுதுங்கள்.

பிள்ளையின் பழைய நோட்டு ஒன்று போதும். தைத்த ஜோடி, ஆன நேரம், வந்த கூலி, போன செலவு என்று நான்கு கோடு கிழியுங்கள். அடுத்த இதழ் வர 15 நாள் இருக்கிறது. அதற்குள் தெருவில் நான்கு பேர் எழுதி, நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன்பின் ஏஜெண்டிடம் "எங்களுக்கு ஜோடிக்கு இவ்வளவாவது வேணும்" என்று நால்வரும் சேர்ந்தே சொல்லலாம்.