ஊர்ப் பொதுக் காணிகளையும் கேட்டுப் பெறுவோம்

வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களும் அங்கே படித்தவர்களும் படிப்பித்தவர்களும் விடுக்கும் வேண்டுகோள்



1990 ஜூனில் பலாலியையும் மயிலிட்டியையும் காங்கேசன்துறையையும் விட்டு வெளிக்கிட்டபோது, சில கிழமைகளில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பலர் வீட்டுத் திறப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். விமானத்தளத்தையும் துறைமுகத்தையும் சுற்றி ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகும் முள்வேலி நின்ற இடத்திலேயே நின்றது.

2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைப் பொதுத் தேவைக்குச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல்கள் வந்தன. காணி உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். அந்த உரிமையாளர்களில் எத்தனையோ பேர் மல்லாகம் கோணப்புலத்திலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும், தங்கள் காணிக்குச் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில், தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்திருந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். ஆயுதம் தாங்கியவர்கள் நிற்கும் காணியை, உறுதியைத் தேடி எடுத்து, தன் பெயரைச் சொல்லி, எனக்குரியது என்று எழுத்தில் கேட்பதற்கு அந்தக் காலத்தில் எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பதை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

அந்தத் துணிவு வீண்போகவில்லை. 2015 முதல் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டன. முல்லைத்தீவுக் கேப்பாப்புலவு, பிலவுக்குடியிருப்புப் பெண்கள் 2017 பெப்ரவரி முழுவதும் பிள்ளைகளோடு விமானப்படை முகாம் வாசலில் வெயிலிலும் பனியிலும் இருந்து, மார்ச் முதலாம் திகதி தங்கள் நிலத்துக்குள் கால் வைத்தார்கள். அதே ஆண்டு ஜூலை 3இல், 27 ஆண்டுகளுக்குப் பிறகு மயிலிட்டித் துறைமுகம் திரும்பி வந்தது. அன்று கடலைத் தொட்டு அழுத கிழவர்களை நாங்கள் மறக்கவில்லை.

வலிகாமம் வடக்கில் இன்னும் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் படையினர் வசம் இருக்கிறது. அதைப் பற்றித்தான், அதிலும் ஒரு பகுதியைப் பற்றித்தான் இப்போது உங்களோடு பேசுகிறோம்.

உறுதி உள்ளவர் தன் காணியைக் கேட்கிறார். ஆனால் ஒழுங்கைக்கு உறுதி எழுதி வைத்திருப்பவர் யார்? சுடலைக்கு? மாடு தண்ணி குடித்த கேணிக்கு? சங்கக்கடை நின்ற நிலம், சனசமூக நிலையத்து வாசிகசாலை, கரைவலை இழுத்த பாடு, கோயில் வீதி, பிள்ளைகள் பந்தடித்த வெளி ஆகியவற்றை எந்த வீட்டுக்காரர் போய்க் கேட்பார்? காணி விடுவிப்புக் கூட்டங்களில் தனியார் காணியின் ஏக்கர் கணக்குப் பேசப்படுகிறது. அரச காணி, பொதுக் காணி என்றதும் பேச்சு நின்றுவிடுகிறது. அரசின் காணிதானே, அரசின் படை நிற்கிறது, அதில் உங்களுக்கு என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அரச காணி என்றால் அது குடிமக்களின் பாவனைக்குரியது. பள்ளிக்கூடமும் பாதையும் கடற்கரையும் ஊர்ச் சனத்துக்காக இருந்தவை. ஒரு படைப்பிரிவின் சொந்தப் பாவனைக்கு அவற்றை எவரும் கொடுத்ததில்லை. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் விடுதி நடத்துவதும், எங்கள் செம்மண்ணில் மரக்கறி பயிரிட்டு விற்பதும் எந்தப் பாதுகாப்புக்கு என்று கேட்கும் உரிமை இந்நாட்டின் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.

வீட்டுக் காணி மட்டும் திரும்பினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். வளவு கிடைத்தது, வளவுக்குப் போகும் ஒழுங்கை வேலிக்கு உள்ளே. பள்ளிக்கூடம் இல்லாத ஊருக்கு எந்த இளம் குடும்பம் வரும்? மயிலிட்டி கலைமகள் மகா வித்தியாலயம் 2018 செப்டெம்பரில்தான் விடப்பட்டது. அதுவரை அந்தப் பள்ளிக்கூடம் தன் பெயரை மட்டும் சுமந்துகொண்டு வேறிடத்தில் இருந்தது. பலாலி வீதி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணி வரை, நடந்து போகக்கூடாது, வழியில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு அது திறந்தது. சொந்த ஊர்த் தெருவில் நடக்கக்கூடாது என்ற பலகையைப் படித்த மூதாட்டிக்கு என்ன சொல்லித் தேற்றுவது?

கேட்காமல் இருப்பதன் ஆபத்து இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்தது. 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி, வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அவை அரச காணியாகும் என்றது. மக்கள் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். வர்த்தமானி திரும்பப் பெறப்பட்டது. அந்த மூன்று மாதத்தில் உறுதியைத் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், போரில் எத்தனை காகிதங்கள் எரிந்து போயின என்று. பொது இடத்துக்கோ தொடக்கத்திலேயே காகிதம் குறைவு. அதை அறிந்தவர்களின் நினைவுதான் ஒரே சாட்சி. 1990இல் முப்பது வயதாயிருந்தவருக்கு இன்று அறுபத்தைந்து தாண்டிவிட்டது.

ஆகவே ஒவ்வொரு ஊராரும் ஒன்றுகூடுங்கள். பெரியவர்களை நடுவில் இருத்தி, அவர்கள் சொல்லச் சொல்ல ஊரின் வரைபடத்தைக் கீறுங்கள். எந்த ஒழுங்கை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, கேணிக்கு எந்தப் பக்கம் படி, சுடலைக்குப் போகும் வழி, வைரவர் சூலம் நின்ற மரம், எல்லாவற்றையும் பட்டியலாக எழுதுங்கள். புலம்பெயர்ந்த உறவுகள் பழைய பாடசாலை மலர்கள், விளையாட்டுப்போட்டிப் படங்கள், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரங்கள் இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள். திருவிழாவுக்குப் பணம் அனுப்பும் உங்களிடம் இதையும் உரிமையோடு கேட்கிறோம்.

சிங்கள, முஸ்லிம் சகோதரர்களுக்கும் சொல்கிறோம். இது எவருக்கும் எதிரான கோரிக்கை இல்லை. 2010இல் கிழக்கே பாணமவில் சிங்களக் கிராமத்தவர்களின் நிலமும் பறிக்கப்பட்டுக் கடற்படையிடமும் விமானப்படையிடமும் போனது. அவர்களும் ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படி ஏறினார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் பள்ளிவாசல் காணிகளும் மையவாடிகளும் அவர்கள் ஊர்ப் பட்டியலில் இடம்பெற வேண்டும். அவர்கள் கேட்கும்போது நாங்கள் பக்கத்தில் நிற்போம். எங்களுக்காக நீங்களும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

பட்டியல் முடிந்ததும் பத்துப் பேராவது கையொப்பமிட்டுக் கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுங்கள். பிரதி ஒன்றில் திகதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.