நாடோடிக்குக் கம்பளம், கூலிக்குக் கதவடைப்பு!

“எந்த நாட்டின் டிஜிட்டல் நாடோடி விசா உங்களுக்கு ஏற்றது?” — தேனியிலும் போடியிலும் கம்பத்திலும் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் முன் இன்று இப்படி ஒரு கேள்வி வைக்கப்படுகிறது. ஒரு மடிக்கணினி போதுமாம். கம்பெனி ஒரு நாட்டில் இருக்குமாம். நீங்கள் வேறொரு நாட்டின் கடற்கரையில் உட்கார்ந்து வேலை செய்யலாமாம். உலகில் எல்லைகளே ஒழிந்துவிட்டனவாம்!

கேட்கக் காது இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் எல்லை ஒழிந்தது யாருக்கு? அதைக் கேட்காமல் நாட்டைத் தேர்ந்தெடுப்பது, விலை கேட்காமல் மாடு பிடிக்கிற கதைதான்.

முதலில் இந்த விசா என்ன என்று பார்ப்போம். வெளிநாட்டு முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவர், தங்கள் நாட்டில் வந்து தங்கிச் செலவழிக்கலாம் என்று ஒரு சர்க்கார் கொடுக்கும் அனுமதி இது. அந்த நாட்டில் இறங்கி உள்ளூர் வேலை தேடிக்கொள்ள அல்ல. எஸ்தோனியா 2020 ஆகஸ்டில் இதைத் தொடங்கிற்று. கொரோனாவால் உல்லாசப் பயணம் படுத்துவிட்ட காலம். ஒவ்வொரு நாடாகப் பின்தொடர்ந்தது. காரணம் மனிதாபிமானமா? இல்லை, சம்பளம் வெளியே, செலவு உள்ளே என்ற கணக்கு!

அளவுகோலைப் பாருங்கள்

போர்த்துகல் 2022 அக்டோபரில் கதவு திறந்தது. நிபந்தனை என்ன? அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைப் போல் நான்கு மடங்கு மாத வருமானம். ஸ்பெயின் 2023இல் திறந்தது. அங்கே இரண்டு மடங்கு. மலேசியா 2022இல் கணினித் தொழில்காரருக்கு விதித்தது ஆண்டுக்கு 24,000 டாலர். நம் காசில் 20 லட்ச ரூபாய்க்கு மேல். தாய்லாந்து 2024இல் கேட்டது 5 லட்சம் பாட் கையிருப்பு.

இந்த அளவுகோலின் பொருள் என்ன? போர்த்துகல் நாட்டில் குறைந்தபட்சக் கூலிக்கு உழைக்கும் தொழிலாளியின் வருமானத்தை வைத்து இந்த விசாவுக்கு மனுப் போட்டால், மனு தள்ளுபடி! அந்த நாட்டை உழைத்துத் தாங்குகிறவனே அந்த நாட்டுக்குள் வரத் தகுதியில்லாதவன் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. ஆக, கதவு திறந்திருப்பது மனிதனுக்கல்ல, அவன் மடியிலுள்ள பணத்துக்கு.

நம் மலைமேல் இருக்கும் எல்லை

தூரதேசம் போவானேன்? நம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். விடியுமுன் கம்பம், கூடலூர், தேவாரம், போடி பகுதிகளிலிருந்து ஜீப்புகள் கிளம்புகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஆணும் பெண்ணும் நெருக்கியடித்துப் போகிறார்கள். வேலை ஒரு மாநிலத்தில், அடுப்பு இன்னொரு மாநிலத்தில். 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. அதற்கு முன்பிருந்தே தமிழ்க் கூலிகளின் வியர்வை அந்த மலையில் விழுந்துகொண்டிருந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எல்லையில் தடுப்பு விழுந்தது. கணினி முன் இருந்தவர்களில் பலருக்கு வீட்டிலிருந்தே வேலை, வீட்டுக்கே சம்பளம். ஏலச் செடிக்குக் களை எடுப்பதை வீட்டிலிருந்து செய்ய முடியுமா? வேலை நின்றது, கூலியும் நின்றது. பறித்த ஏலக்காயோ? அது மலையிறங்கிப் போடியில் ஏலம் போகிறது. கப்பலேறி வளைகுடாவுக்குப் போகிறது. காய்க்குப் பாதை உண்டு. பறித்த கைக்குத்தான் தடை!

இன்னொரு வேடிக்கை. ‘நாடோடி’ என்ற சொல் இன்று பெருமைப் பட்டமாகிவிட்டது. வெள்ளையர் ஆட்சி 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டபோது, ஊர் ஊராய் அலைந்து பிழைத்தவர்களின் நாடோடி வாழ்க்கையே குற்றமாயிற்று. 1911க்குப் பிறகு அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊரில் நிலைத்து வாழ்ந்த பிரமலைக் கள்ளர் மக்கள்மீதும் பாய்ந்தது. கைரேகை வைக்க வேண்டும். இரவில் ஊர்விட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏழை நடந்தால் குற்றம், பணம் நடந்தால் வரவேற்பு! சீட்டின் பெயர் மாறியிருக்கிறது. சீட்டு யாரிடம் கேட்கப்படுகிறது என்பது மாறவில்லை.

“இது பொறாமைப் பேச்சு”

இப்படிச் சிலர் சொல்வார்கள். “கெட்டிக்காரப் பையன் போய்ப் பிழைக்கட்டுமே, உங்களுக்கு என்ன?” என்பார்கள்.

போகாதே என்று யார் சொன்னது? இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன தமிழர் பரம்பரை நாம். போகட்டும், நிமிர்ந்து போகட்டும். ஆனால் அந்தப் பையனும் தொழிலாளிதான் என்பதை அவனிடம் மறைக்கிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறோம். அவனை ஊழியன் என்று எழுதாமல் ‘தனி ஒப்பந்தக்காரர்’ என்று எழுதும் கம்பெனிகள் உண்டு. அந்த ஒரு சொல்லால் வருங்கால வைப்பு நிதி போயிற்று, பணிக்கொடை போயிற்று, சம்பளத்தோடு விடுப்பும் போயிற்று. வாடகை, மின்சாரம், மருத்துவ இன்ஷூரன்ஸ், விசாக் கட்டணம் எல்லாம் அவன் தலையில். வேலை போனால் வருமானம் போகும். வருமானம் போனால் விசாவைப் புதுப்பிக்க வழி போகும். முதலாளியை எதிர்த்து ஒரு சொல் பேச அவனுக்கு வாய் எழுமா? இதற்குப் பெயர் சுதந்திரமாம்!

அவன் போய் இறங்கும் ஊரிலும் நிம்மதியில்லை. வெளிநாட்டுச் சம்பளத்தைக் கண்ட வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றுகிறார்கள். 2023 ஏப்ரலில் லிஸ்பன் மக்கள் வீட்டு வாடகைக் கொடுமையை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். 2025 ஜூலையில் மெக்சிகோ நகர மக்கள் வந்தார்கள். அவர்கள் நமக்குப் பகைவரா? இல்லை. அந்த ஊர்த் தொழிலாளியையும் நம் ஊர்ப் பையனையும் மோதவிட்டு லாபம் எடுப்பவனே இருவருக்கும் பகைவன்.

கதவு மூடியவர்க்குக் கண்ணி

24,000 டாலர் காட்ட முடியாதவன் கதி என்ன? அவனுக்கென்றே தரகன் காத்திருக்கிறான். “தாய்லாந்தில் கணினி வேலை” என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் இத்தகைய கூடங்களிலிருந்து 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் நாடு திரும்பினார்கள். நேர்வழியைப் பணக்காரனுக்கு மட்டும் வைத்தால், ஏழை வீட்டுப் பிள்ளை கள்ளவழியில் சிக்கத்தான் செய்வான்.

ஆகவே, இளைஞனே, நாட்டின் படத்தைப் பார்த்து விசாவைத் தேர்ந்தெடுக்காதே. கேட்க வேண்டியதைக் கேள். உன் ஒப்பந்தத்தில் நீ ஊழியனா, ஒப்பந்தக்காரனா? வேலை போனால் எத்தனை நாள் அங்கே தங்கலாம்? ஆண்டில் 183 நாள் தாண்டினால் பல நாடுகள் வரி கேட்கும். அதைக் கட்டுவது யார்? நோய் வந்தால் செலவு யாருடையது? தரகன் சுற்றுலா விசாவில் போகச் சொன்னால் அங்கேயே நில். 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு மேல் கேட்பவனைப் போலீஸில் காட்டிக்கொடு.

சர்க்காரையும் கேட்போம். அயல்நாட்டுக் கம்பெனிக்கு இங்கிருந்து உழைப்பவர்க்கு எழுத்து மூலமான ஒப்பந்தமும் சமூகப் பாதுகாப்பும் கொடு! மலையேறும் தோட்டத் தொழிலாளர்க்குப் பத்திரமான பஸ்ஸும் விபத்துக் காப்பீடும் கொடு! இரு மாநில சர்க்கார்களும் கூடிப் பேசி, எல்லை மூடப்படும் நாளுக்கு நிவாரணக் கூலி நிர்ணயம் செய்!

மடிக்கணினி தூக்குகிற கையும் ஏலக்காய் பறிக்கிற கையும் ஒரே வீட்டில் இருக்கின்றன. பல வீடுகளில் தாயின் கையும் மகனின் கையும். அந்த இரண்டு கைகளும் சேர்ந்து கேட்டால்தான் கதவு திறக்கும். எல்லை ஒழிய வேண்டும் என்பதே நம் கட்சியும். சரக்குக்கும் பணத்துக்கும் மட்டுமல்ல, உழைப்பவர்க்கும் ஒழிய வேண்டும்!