சைனஸுக்கு நீச்சல் குளத்தைத் திட்டாதீங்க, ரிஜிஸ்டரைக் கேளுங்க

புனேவுக்கு மாற்றலாகி வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. மழையோ குளிரோ, வாரத்துல அஞ்சு நாள் காலைல ஆறு மணிக்கு சொசைட்டி குளத்துல இருப்பேன். சைனஸும் கூடவே இருக்கு. குரல் கொஞ்சம் கம்மியிருந்தாப் போதும், ஊர்லேர்ந்து போன்லயே தீர்ப்பு வந்துடும்: "தலைல நீர் கோத்துக்கிச்சு. முதல்ல அந்தக் குளத்துக்குப் போறத நிறுத்து." இங்க இருக்கற நம்ம ஜனங்க வீட்லயும் இதே கதைதான். பிள்ளைக்கு ரெண்டு தும்மல் வந்தா நீச்சல் வகுப்பு கட். டியூஷன் மட்டும் கட் ஆனதே இல்ல, கவனிச்சிருக்கீங்களா? :-)

முதல்ல இந்த நீர் கோத்துக்கற விஷயம். மூக்கைச் சுத்தி, கன்னம், நெத்தி, கண்ணுக்கு நடுவுல, அதுக்கும் பின்னாலன்னு நாலு ஜோடி காத்தறைகள் இருக்கு. ஒவ்வொண்ணும் சின்ன வாசல் வழியா மூக்குக்குள்ள திறக்குது. கன்னத்து அறைக்கு வாசல் மேல்பக்கம். அதனால சளி தானா வடியாது, உள்ள இருக்கற நுண்ணிய முடிகள் மேல தள்ளி விடணும். வாசல் வீங்கி அடைச்சுக்கிட்டா சளி தேங்குது, கனக்குது, வலிக்குது. தேங்கி நிக்கறது நம்ம சளிதான் சாமி, உச்சந்தலை வழியா இறங்கின குளத்துத் தண்ணி இல்ல. அப்ப கேக்க வேண்டிய கேள்வி, அந்த வாசலை வீங்க வெச்சது எது?

சளிக் கிருமி, தூசு, அலர்ஜி, வளைஞ்ச மூக்குத்தண்டு, சில சமயம் மேல்வரிசைக் கடைவாய்ப்பல் வேர்ல வந்த சீழ்னு பல காரணம் உண்டு. நீச்சல் அடிக்கறவங்களுக்கு இன்னொண்ணும் உண்டு. அதைப் பத்திதான் யாரும் பேசறதில்ல.

"குளோரின் வாடை தூக்குது, நல்ல சுத்தமான குளம்" அப்படின்னு சொல்றோமே, அது தலைகீழ். சரியான அளவுல இருக்கற குளோரின் அப்படி வாடை அடிக்காது. வேர்வையோடவும் சிறுநீரோடவும் குளோரின் சேர்ந்தா குளோரமின்னு ஒண்ணு உண்டாகுது. அந்த வாடைதான் இது. இதுல ட்ரைக்ளோரமின்ங்கற வகை ஆவியாகி தண்ணி மட்டத்துக்கு மேலயே நிக்கும். நாம மூச்சு இழுக்கறதும் சரியா அங்கதான். கண் எரிச்சல், மூக்கு எரிச்சல், வீக்கம் எல்லாம் அங்கேர்ந்து ஆரம்பம்.

சிறுநீரான்னு முகம் சுளிக்காதீங்க. 2017-ல கனடாவோட அல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல, உடம்புல செரிக்காம அப்படியே வெளிய வர்ற ஒரு செயற்கை இனிப்பை அடையாளமா வெச்சு குளங்களை அளந்தாங்க. 8,30,000 லிட்டர் குளத்துல சுமார் 75 லிட்டர் சிறுநீர்னு கணக்கு வந்துச்சு. அது அங்க. நம்ம சொசைட்டில குளிக்காம, தலை நிறைய தேங்காய் எண்ணெயோட இறங்கற கூட்டத்தை நான் தினமும் பாக்கறேன். நம்மாளுங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அடுத்தது நிர்வாகம். பி.எச். 7.2 முதல் 7.8 வரை. தனி குளோரின் குறைஞ்சது 1 பி.பி.எம். மொத்த குளோரின்லேர்ந்து தனி குளோரினைக் கழிச்சா வர்ற மிச்சம்தான் அந்தக் குளோரமின் சமாச்சாரம், அது 0.4-க்கு மேல போகக் கூடாது. பி.காம். படிச்ச எனக்கே புரியற கழித்தல். ரிஜிஸ்டர் காட்டுங்கன்னு கேட்டேன். காட்டினாங்க. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, 30 நாளும் 7.4. குளோரமினுக்கு பத்தியே இல்ல. எங்க கிளைல கேஷ் பேலன்ஸ் இப்படி எழுதி வெச்சா ஆடிட்டர் சும்மா விடுவாரா? பராமரிப்புக் கட்டணம் ஒரு நாள் தாமதமானா வட்டி போடறவங்க, இதை அளக்க மாட்டாங்களாம்.

"நாங்கள்லாம் கெணத்துல குதிச்சவங்க, குளோரினே வேணாம்"னு ஒரு கோஷ்டி வரும். கேரளாவுல 2024-லயும் 2025-லயும் மூளையைத் தாக்கற அமீபா நோய் செய்தி படிச்சிருப்பீங்க. அதுல நெக்லேரியா அமீபா தேங்கின வெதுவெதுப்பான தண்ணியிலேர்ந்து மூக்கு வழியாத்தான் ஏறுது. ஒழுங்கா குளோரின் போட்ட குளம் அதுக்குப் பாதுகாப்பு. நான் கேக்கறது குளோரினைக் குறைக்கச் சொல்லி இல்ல. அளந்து போடச் சொல்லி.

மருந்துக்கடைல நேரா போய் வாங்கற வைத்தியமும் வேணாம். மூக்கடைப்புச் சொட்டு மருந்தை (சைலோமெட்டாசோலின் வகை) நாலஞ்சு நாளைக்கு மேல விட்டா, மருந்தே அடைப்பை உண்டாக்கும். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பாட்டில் இல்லாம வீட்டை விட்டுக் கிளம்பறதில்ல. ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். பெரும்பாலான சைனஸ் வைரஸால வர்றது, அதுக்கு அது வேலை செய்யாது. பத்து நாளாகியும் குறையலன்னாலோ, குறைஞ்சு மறுபடி ஏறினாலோ டாக்டர் முடிவு பண்ணட்டும். வருஷத்துல நாலு தடவை வந்தா ஈ.என்.டி.யைப் பாருங்க. கண்ணைச் சுத்தி வீக்கம், பார்வைக் கோளாறு, கடும் தலைவலியோட காய்ச்சல்னா அன்னிக்கே ஓடுங்க.

நாம செய்யக்கூடியது: இறங்கறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் குளியல். தண்ணிக்குள்ள மூக்கு வழியா மூச்சை விடறது, இல்லன்னா மூக்கு கிளிப். ஏறினதும் உப்புத் தண்ணியால மூக்கைக் கழுவறது: கொதிக்க வெச்சு ஆறின அரை லிட்டர் தண்ணி, மட்டமா ஒரு டீஸ்பூன் உப்பு. குழாய்த் தண்ணி கூடவே கூடாது. அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துல 2011-ல ரெண்டு பேர் அப்படிக் கழுவித்தான் அதே அமீபாவால இறந்தாங்க. மூக்கு அடைச்சிருக்கற அன்னிக்கு டைவ் வேணாம்.

அடுத்த சொசைட்டி மீட்டிங்ல கார் பார்க்கிங் சண்டை முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "குளத்தோட டெஸ்ட் ரிஜிஸ்டர் எங்க?" நாலு பேர் சேர்ந்து கேட்டா டெஸ்ட் கிட் வாங்கித்தான் ஆகணும். பிள்ளையோட நீச்சலை நிறுத்தறதை அதுக்கு அப்புறம் யோசிக்கலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பேங்க் ஆபீசர். ஆஸ்துமா இருக்கறவங்க உங்க டாக்டரைக் கேட்டுட்டு இறங்குங்க. நொச்சி ஆவிக்கும் மிளகு ரசத்துக்கும் நான் எதிரி இல்ல, அம்மா படிச்சா கோச்சுக்க வேணாம் :-)